உகந்தைக்கு அப்பால் கடையில்லை

கதிர்காமத் திருவிழா நெருங்கினால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பாதயாத்திரைக்கான சாமான் வாங்கும் வேலை தொடங்கிவிடும். அரிசி, பருப்பு, பிஸ்கட், நூடுல்ஸ் எல்லாம் ஒரே பையில் ஏறும். கிழக்குக்குப் போகும் இரவு பஸ்ஸில் அந்தப் பாரத்தைக் கொண்டுபோய் இறக்குவது வீண்வேலை என்பேன். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து வாரக்கணக்காக நடந்து வருகிறவர்களைப் பாருங்கள். வற்றாப்பளை, வெருகல், மாமாங்கம், திருக்கோவில் என்று கோயிலுக்குக் கோயில் அன்னதானம் கிடைப்பதால் அவர்கள் ஏறக்குறைய வெறுங்கையோடுதான் வருகிறார்கள். லீவு கிடைக்காத கொழும்புக்காரரோ நேரே உகந்தைக்குப் போய்ச் சேர்ந்துகொள்கிறார். அதாவது, வழியில் கடையே இல்லாத பகுதி மட்டும்தான் அவர் பங்குக்கு வருகிறது. பெரிய கடைத்தெரு பொத்துவிலோடு முடிகிறது. பாணமையில் சில கடைகள் உண்டு. உகந்தை முருகன் கோயிலைத் தாண்டினால் குமனைக் காடும் யாலக் காடும்தான். ஆகவே வாங்க வேண்டியதைப் பொத்துவிலில் வாங்கினால் போதும். கணக்குப் போட வேண்டியது உகந்தைக்கும் கதிர்காமத்துக்கும் இடைப்பட்ட நான்கைந்து நாளுக்கு மட்டுமே.

அந்தக் கணக்கையும் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும். தென்கிழக்கில் மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். யாத்திரை நடப்பதோ நல்ல கோடையில். வாகூரவெட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை என்று பழைய தங்குமிடங்கள் நீரை ஒட்டியே அமைந்தவை. வற்றிய குளத்தில் எஞ்சிய நீருக்கு யானையும் எருமையும் கூட வரும். ஒரு கிலோ அரிசியைச் சோறாக்க அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் வேண்டும், விறகும் வேண்டும். அவலுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் தெளித்துப் பனங்கட்டியைச் சீவிப் போட்டால் பத்து நிமிடத்தில் பிசைந்து தின்னலாம். கச்சானுக்கு அதுவும் தேவையில்லை. நூறு கிராமில் ஐந்நூறு கலோரிக்கு மேல் இருக்கிறது, அதே எடை அரிசியில் முந்நூற்றைம்பது சொச்சம். நூடுல்ஸ் பாரமில்லைதான், ஆனால் கொதிநீர் கேட்கும், உப்பு தாகத்தைக் கூட்டும், கடதாசி காட்டில் கிடக்கும்.

முருகன் பார்த்துக்கொள்வான், இதில் கணக்கெதற்கு என்பார்கள். அடியார்களின் நம்பிக்கையோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த அடியார்கள்தாமே நீர் பார்த்துத் தங்குமிடம் குறித்து வைத்தவர்கள்? 1870களில் வாந்திபேதிக்குப் பயந்து ஆங்கில அரசு கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்தியது. கொழும்பு ஆடிவேல் விழா 1874இல் தொடங்கியதற்கே அதைத்தான் காரணமாகச் சொல்வார்கள். கூட்டம் கூடும் இடத்தில் தண்ணீர் கெட்டால் பக்தி காப்பாற்றாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இப்போது பவுசரில் தண்ணீர் வருகிறதே என்ற மறுப்பில் நியாயம் இருக்கிறது. பவுசர் குடிக்கும் நீருக்கு உதவும். அதை நம்பி உலை வைத்தால் பின்னால் வருகிறவரின் பங்கைத்தான் கொதிக்கவைக்கிறோம்.

இன்னொன்றைப் பலர் மறக்கிறார்கள். காட்டுப்பாதை குறித்த சில நாட்களுக்கு மட்டுமே திறக்கும், அந்தத் திகதியும் சில வருடங்களில் மாறுவதுண்டு. உகந்தையில் காத்திருக்கும் நாட்களில் கோயில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்பதே சரி. காட்டுக்கென்று கட்டிய பொதியை அங்கே அவிழ்க்கக் கூடாது.