பிக்கப் வண்டியின் பின் கண்ணாடி

போன வாரம் பக்கத்துக் காட்டுக்காரத் தம்பி போன் பண்ணினான். "அண்ணே, வண்டி பின் கண்ணாடி போயிருச்சு. டவுன்ல ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டுற கடையில அளவு கொடுத்தா வெட்டித் தர்றேங்கிறாங்க. சல்லிசா இருக்கு. போட்டுரலாமா?" என்றான். "எதுவும் போடாத, சாயங்காலம் வீட்டுக்கு வா" என்றேன். போனில் சொல்லி முடிகிற சேதி இல்லை அது. என் அண்ணன் மகனையும் பக்கத்தில் உட்கார வைத்து, அவன் கழுத்தில் இருக்கிற தழும்பைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்டணத்தில் இருக்கிறவர்களுக்கு பிக்கப் என்றால் வீடு மாற்றும்போது கூப்பிடுகிற வண்டி. எங்கள் பக்கம் அது முன்னாளில் மாட்டு வண்டி செய்த வேலை எல்லாம் செய்கிறது. சின்ன வெங்காயம் திருச்சி மண்டிக்குப் போக, மக்காச்சோளம் களத்திலிருந்து வர, பருத்தி மூட்டை, யூரியா மூட்டை, ஆட்டுக்குட்டி, சிறுவாச்சூர் கோயிலுக்குப் போகிற சனம், எல்லாத்துக்கும் அதுதான். (ஆள் ஏற்றக்கூடாது என்பது சட்டம். தெரியும். அதைப் பற்றி இன்னொரு நாள்.) பின்னால் சுமை ஏற்றுகிற தொட்டி, முன்னால் ஆள் உட்காருகிற கேபின், இரண்டுக்கும் நடுவில் நம் பிடரிக்கு ஒரு முழம் பின்னால் ஒரு கண்ணாடி. கார்க்காரர்களுக்குப் பின் கண்ணாடி வழியாக வருகிறது ரோடு மட்டும்தான். எங்களுக்கு ஏற்றிய சுமையே வரலாம்.

முதல் தடவை கண்ணாடி உடைந்தது எங்கள் களத்தில். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் கடப்பாரையைத் தொட்டிக்குள் சாய்த்து வைத்தான். அது சரிந்து நுனி கண்ணாடி ஓரத்தில் பட்டது. பெரிய அடி ஒன்றும் இல்லை. ஆனால் 'டொப்'பென்று ஒரே சத்தம், மொத்தக் கண்ணாடியும் கல்கண்டு கொட்டினது மாதிரி கொட்டிவிட்டது. ஒரு விரற்கடை அளவுக்குக்கூட முழுத் துண்டு மிஞ்சவில்லை. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. இத்தனை ரூபாய் வாங்கிக்கொண்டு இந்த மட்டமான கண்ணாடியையா வைத்து அனுப்பினார்கள் என்று வண்டிக் கம்பெனியைத் திட்டினேன்.

அங்கேதான் தப்பு பண்ணினேன். தூள் தூளாகப் போனது மட்டம் என்று நினைத்தேன். அதனால் 'கெட்டியான' கண்ணாடி தேடிப் போனேன். டவுனில் வீட்டு ஜன்னலுக்கும் பீரோவுக்கும் கண்ணாடி வெட்டுகிற கடையில், "அண்ணே, இது நல்ல கனம், சீக்கிரம் உடையாது" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே வைர முனையால் கீறி, மூலையை வளைவாகத் தேய்த்துக் கொடுத்தார்கள். 450 ரூபாய். பழைய ரப்பரிலேயே வைத்து மாட்டியும் கொடுத்தார்கள். மிச்சம் பிடித்த காசில் ஒரு மண்வெட்டி வாங்கினேன். இன்னும் இருக்கிறது அந்த மண்வெட்டி.

ஏழெட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒருநாள் அரியலூரில் சிமெண்டு மூட்டையும், வேலி போட ஏழடி ஆங்கிள் கொஞ்சமும் ஏற்றிக்கொண்டு வந்தோம். சிமெண்டு கீழே, ஆங்கிள் அதன் மேலே. குறுக்கே கயிறு போட்டு இறுக்கியிருந்தேன். பக்கவாட்டில் நகராது. முன்னால் சறுக்குமே என்று யோசிக்கவில்லை. பேரளி வருவதற்கு முன்னால், சுண்ணாம்புக்கல் லாரி ஒன்றுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆடு குறுக்கே ஓடி வந்தது. பிரேக் அடித்தேன். ஆடு தப்பித்தது. பின்னாலிருந்து ஒரே ஒரு ஆங்கிள், கட்டிலிருந்து உருவிக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாண் உள்ளே வந்து நின்றது. அது யார் மேலேயும் படவில்லை. பட்டது கண்ணாடி. கல்கண்டாகக் கொட்டவில்லை, கத்தி கத்தியாக விழுந்தது. அரிவாள் நீளத்துக்கு ஒரு துண்டு பையனின் காதுக்குக் கீழே இறங்கியிருந்தது. "சித்தப்பா, என்னமோ ஈரமா இருக்கு" என்றான். வலி அப்புறம்தான் வந்தது அவனுக்கு.

திரும்ப அரியலூருக்கே வண்டியைத் திருப்பினேன். ஏழு தையல். டாக்டர் அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னும் அரை அங்குலம் முன்னாடி பட்டிருந்தா என்கிட்ட கொண்டு வந்திருக்கவே முடியாதுங்க" என்றார். அண்ணியிடம் போய் என்ன சொன்னேன், அவர் என்ன சொன்னார் என்பதை எழுதவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தக் கண்ணாடிச் சமாச்சாரத்தைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். வண்டியில் இரண்டு ரகம் இருக்கிறது. முன் கண்ணாடி இரண்டு தகடு கண்ணாடிக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டினது. லேமினேட்டட் என்கிறார்கள். கல் பட்டால் சிலந்தி வலை மாதிரி கீறும், கீழே விழாது. 1903இல் பிரான்ஸ் நாட்டு பெனடிக்டஸ் என்ற வேதியியல்காரர் கை தவறிப் போட்ட ஒரு குடுவை, உள்ளே ஏதோ காய்ந்து படிந்திருந்ததால் உடைந்தும் சிதறாமல் கிடந்ததாம். அதிலிருந்து வந்த யோசனை இது. பக்கத்துக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் பெரும்பாலும் டஃப்பண்டு, டெம்பர்டு என்றும் சொல்வார்கள். சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, வேகமாகக் காற்று அடித்துக் குளிர வைப்பது. கொல்லன் பட்டறையில் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் முக்குகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறம் முதலில் இறுகி, உள்ளே இழுவை தங்கிவிடுகிறது. அதனால் நடுவில் நல்ல அடி தாங்கும். ஓரத்தில் சின்னக் கொத்து விழுந்தால் உள்ளே இருக்கிற இழுவை மொத்தமும் அவிழ்ந்து தூளாகிவிடும். தூளாவது குறையில்லை. தூளாகிறதுக்காகவே செய்தது. முதலில் என் கண்ணாடி தன் வேலையைச் சரியாகச் செய்தது. நான்தான் திட்டினேன்.

இதிலிருந்தே கடையில் ஏமாறாத வழியும் கிடைக்கிறது. டஃப்பண்டு கண்ணாடியை அப்புறம் வெட்ட முடியாது, துளை போட முடியாது. வெட்டினால் தூள். அதனால் "இப்பவே வெட்டித் தர்றேன்" என்று யார் சொன்னாலும் அது வீட்டு ஜன்னல் கண்ணாடி, அவ்வளவுதான். வெட்டிவிட்டுப் பிறகு தொழிற்சாலைக்கு அனுப்பி டெம்பர் பண்ணி வாங்கித் தருவேன் என்றால் அது வேறு. அதற்கு நாள் ஆகும். ஒழுங்கான கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். ஐ.எஸ்.ஐ. குறியும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் டஃப்பண்டா லேமினேட்டடா என்பதும் அதில் பார்க்கலாம். அது ஸ்டிக்கராக இருக்கக்கூடாது, கண்ணாடியிலேயே பதிந்திருக்க வேண்டும், நகத்தால் சுரண்டினால் வரக்கூடாது. போலராய்டு கூலிங் கிளாஸ் இருந்தால் போட்டுக்கொண்டு சாய்த்துப் பாருங்கள், டஃப்பண்டு கண்ணாடியில் புள்ளி புள்ளியாகவோ பட்டை பட்டையாகவோ நிழல் தெரியும். இதை என் மகன்தான் காட்டினான். நீங்கள் பழைய கார் வாங்கப் போனாலும் சுற்றி வந்து எல்லாக் கண்ணாடியிலும் அந்த முத்திரையைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

கடைக்குப் போகும்போது ஆர்.சி. புத்தகத்தைக் கொண்டு போக வேண்டும். ஒரே பேர் உள்ள வண்டியிலேயே வருசத்துக்கு ஒரு மாதிரி அளவு மாறுகிறது. கண்ணாடி ரப்பரில் உட்காருகிறதா, பசை போட்டு ஒட்டினதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் ரப்பர் பீடிங். பசை வகை என்றால் அதைத் தெரிந்த ஆளிடம் விட்டுவிட வேண்டும். ஒட்டின பிறகு அவர் சொல்கிற நேரம் வரைக்கும் வண்டியை எடுக்கக்கூடாது, கதவைப் படாரென்று சாத்தவும் கூடாது.

ரப்பர் வகையில் எல்லாரும் பண்ணுகிற கஞ்சத்தனம் பழைய ரப்பரையே மறுபடி மாட்டுவது. எங்கள் ஊர் வெயிலுக்கு அது நாலைந்து வருசத்தில் காய்ந்த பனம்பழ நாராகிவிடும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கி சீட்டுக்குப் பின்னால் தேங்கும். ஐப்பசி முழுக்க சீட்டு நாறிக்கொண்டே இருந்தால் காரணம் அதுதான். ரப்பரைக் கழற்றியதும் அது உட்கார்ந்திருந்த தகர விளிம்பைத் தடவிப் பாருங்கள். என் வண்டியில் கீழ் விளிம்பு முழுக்கத் துரு பூத்து மேடு தட்டியிருந்தது. அந்த மேட்டின் மேல் புதுக் கண்ணாடியை வைத்தால் ஓரத்தில் அழுத்திக்கொண்டே இருக்கும். என்றைக்கோ ஒருநாள் நிறுத்தி வைத்த வண்டியில் தானாகவே வெடிக்கும். அதனால் டிங்கரிங் பட்டறையில் சுரண்டி, பிரைமர் அடித்து, பெயிண்ட் காய ஒருநாள் விட்டோம். பட்டறைக்காரர் "இன்னிக்கே மாட்டிரலாம்ணே" என்றார். நான்தான் வேண்டாம் என்றேன்.

மாட்டுகிற வேலையைப் பார்க்க அழகாக இருக்கும். புது ரப்பரை வெயிலில் போட்டு இளக வைத்து, கண்ணாடியைச் சுற்றி மாட்டி, ரப்பரின் வெளிப் பள்ளத்தில் சுற்றிலும் ஒரு நைலான் கயிறு பதித்து, இரண்டு முனையையும் கீழே நடுவில் கொண்டு வந்து விடுவார்கள். சோப்புத் தண்ணீர் தடவுவார்கள். ஒருத்தர் வெளியே நின்று உள்ளங்கையால் அழுத்த, இன்னொருத்தர் கேபினுக்குள் உட்கார்ந்து கயிற்றை மெதுவாக இழுக்க, ரப்பரின் உதடு விளிம்புக்கு மேல் ஏறி உட்காரும். சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர் என்று யாராவது ஓரத்தில் நெம்ப வந்தால் கையைப் பிடித்துவிடுங்கள். ஓரம்தான் அதன் உயிர்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் கண்ணாடிக்கு ஒரு பைசா வராது. முழு பாலிசி என்றாலும், கிளெயிம் பண்ணினால் நோ கிளெயிம் போனஸ் போய்விடும் என்பதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். கிளெயிம் இல்லாமல் ஒரு வருசம் போனால் 20 சதவீதம், ஐந்து வருசத்தில் 50 சதவீதம் வரைக்கும் அந்தத் தள்ளுபடி ஏறும். சின்னத் தொகைக்காக அதை விடுவது நட்டமாகலாம். கிளெயிம் பண்ணுவதென்றால் பெருக்குவதற்கு முன்னாலேயே போட்டோ எடுத்துவிடுங்கள்.

பெருக்குவது என்றதும் ஞாபகம் வருகிறது, இதை எந்தக் கடைக்காரரும் சொல்ல மாட்டார். கல்கண்டுத் துண்டில் பாதி தொட்டிக்குள்தான் விழும், பலகை இடுக்கில் போய் உட்காரும். அடுத்த நாள் அதே தொட்டியில் சோளத்தட்டை ஏற்றினால் மாட்டின் வயிற்றுக்குப் போகும். விளக்குமாற்றால் பெருக்கினால் மட்டும் போதாது. ஈரச் சாக்கைப் போட்டு ஒற்றி எடுத்து, பிறகு மோட்டார் தண்ணீரை பைப் பிடித்து அடித்தேன். அதற்கப்புறமும் ஒரு வாரம் தீவனம் ஏற்றவில்லை.

பையனுக்குப் புதுக் கண்ணாடியில் கறுப்புப் பேப்பர் ஒட்ட ஆசை. வண்டிக்காரப் பையன்களுக்கெல்லாம் இருக்கிற ஆசைதான். 2012 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் கறுப்பு பிலிமுக்குத் தடை போட்டது. முன், பின் கண்ணாடியில் குறைந்தது 70 சதவீத வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது வண்டி விதி. எஃப்.சி.க்குப் போகும்போது எதற்கு வம்பு. அதைவிட, பின்னால் சுமை நகருகிறதா என்று திரும்பிப் பார்க்கத்தானே அந்தக் கண்ணாடி இருக்கிறது? குலசாமி பேர் மட்டும் கீழ் ஓரத்தில் சின்னதாக எழுதிக்கொள் என்றேன். எழுதியிருக்கிறான், அவ்வளவு சின்னதாக இல்லை.

கடைசியாக ஒன்று செய்தோம். டஃப்பண்டு கண்ணாடியாக இருந்தாலும் அந்த ஆங்கிளுக்கு உடைந்துதான் இருக்கும். வெட்டு விழுந்திருக்காது, ஆனால் ஆங்கிள் உள்ளே வந்துதான் இருக்கும். அதனால் கண்ணாடிக்கு வெளியே, கேபின் உயரத்துக்கு இரும்புக் கம்பித் தடுப்பு ஒன்று வெல்டிங் பண்ணி வாங்கினோம். அதைக் கேபினில் பிடிக்கக்கூடாது, தொட்டியின் முன் சட்டத்தில்தான் போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும் என்று வெல்டிங்காரர் சொன்னார். கேபினும் தொட்டியும் தனித்தனியாக ஆடும், இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஒன்றை ஒன்று பிய்த்துவிடும். நீளச் சாமான் ஏற்றினால் இப்போது குறுக்கே ஒரு கயிறு, முன் நுனியைச் சுற்றிப் பின்னால் இழுத்து இன்னொரு கயிறு. சாமான் முனைக்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு மணல் மூட்டை.

பக்கத்துக் காட்டுத் தம்பி எல்லாத்தையும் கேட்டுவிட்டு, பையனின் கழுத்தை ஒரு தடவை பார்த்தான். மறுநாள் திருச்சிக்கு வெங்காயம் கொண்டு போனவன் ஆர்.சி. புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போய், முத்திரை போட்ட கண்ணாடியும் புது ரப்பரும் வாங்கி வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மாட்டுகிறோம். வெளியே அழுத்துவது நான், உள்ளே கயிறு இழுப்பது அண்ணன் மகன். அவனுக்கு இப்போது அந்த வேலை நன்றாக வருகிறது.