ரியோ கிராண்டே கரையோரம் – 5: தண்ணீர் வருமுன்

நியூ மெக்சிகோவில் எஸ்பன்யோலாவைத் தாண்டி தாவோஸ் நோக்கிப் போகும்போது, வலப்பக்கம் ஒரு சின்னச் சாலை பிரிகிறது. அதில் கொஞ்ச தூரத்தில் டிக்சன். எம்புடோ ஆற்றங்கரையில் ஆப்பிள் தோட்டங்களும் மண்சுவர் வீடுகளுமாக ஒரு ஊர். நான் போனது மார்ச் கடைசியில், ஒரு சனிக்கிழமை. சாங்ரே டி கிறிஸ்டோ மலையில் பனி அப்படியே கிடந்தது. ஊர் வாய்க்காலில் பொட்டுத் தண்ணீர் இல்லை. ஆனால் உள்ளே ஆள் நிறைய. நின்றபடியே அள்ளுகிற நீளக் காம்பு மண்வாரியோடு கிழவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் இறங்கி நின்றார்கள்.

இந்த வாய்க்கால்களுக்கு இங்கே அசேக்கியா என்று பெயர். நியூ மெக்சிகோ மாநிலத்தில் இன்றும் சுமார் 700 அசேக்கியாக்கள் ஓடுகின்றன. 1598-இல் ஸ்பானியர்கள் கொண்டுவந்த ஏற்பாடு என்பார்கள். அது பாதிக் கதைதான். அவர்கள் வருமுன்பே பூர்வகுடிகளான புவெப்லோ மக்கள் இந்த மண்ணில் பாசனம் செய்துகொண்டிருந்தார்கள். ஸ்பானியரின் முதல் வாய்க்காலை வெட்டியதும் பெரும்பாலும் புவெப்லோ மக்களின் கைகள்தான்.

குடிமராமத்து தெரிந்த நமக்கு மற்றதை விளக்க வேண்டியதில்லை. வாய்க்காலில் பங்குள்ள ஒவ்வொருவரும் வசந்தத்தில் தூர்வார வரவேண்டும். முடியாதவர் கூலிக்கு ஆள் அனுப்பலாம். மேற்பார்வைக்குப் பங்குதாரர்களே தேர்ந்தெடுத்த மயோர்தோமோ. நான் பார்த்த மயோர்தோமோ ஒரு நடுவயதுப் பெண். கோலால் அளந்து ஆளுக்கொரு துண்டு ஒதுக்குவார், எல்லோரும் முடித்ததும் "வுவெல்தா!" என்று குரல் கொடுப்பார். வரிசை அப்படியே அடுத்த துண்டுகளுக்கு நகரும். மண்ணை வாரி, வில்லோ வேரை வெட்டி, போன வருடத்துப் பாட்டில்களைப் பொறுக்கி, மதியத்துக்குள் எனக்குக் கை கொப்பளித்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெரியவர் என் துண்டையும் சேர்த்து முடித்துக் கொடுத்தார், கேலி செய்துகொண்டே.

பூண்டு விவசாயியும் எழுத்தாளருமான ஸ்டான்லி கிராஃபோர்ட் இந்த ஊரில்தான் மயோர்தோமோவாக இருந்தார். அந்த அனுபவத்தை எழுதிய புத்தகம் 1988-இல் வந்தது. அவர் 2024-இல் காலமானார்.

மதியச் சாப்பாட்டின்போது பேச்செல்லாம் தண்ணீர் விற்பனை பற்றித்தான். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் முதலில் எடுத்தவருக்கே முதல் உரிமை. அந்த உரிமையை நிலத்திலிருந்து பிரித்துத் தனியாக விற்கவும் முடியும். வாங்க நகரங்கள் காத்திருக்கின்றன. ஒருவர் விற்றுவிட்டுப் போனால் வாய்க்காலின் நீளம் குறைவதில்லை, தூர்வாரும் கைகள்தான் குறைகின்றன. இதற்காகவே 2003-இல் மாநிலச் சட்டம் ஒரு வழி திறந்தது: தன் விதிகளில் சேர்த்துக்கொண்டால், தண்ணீர் உரிமை வெளியே போவதை அசேக்கியா மறுக்கலாம். நல்ல சட்டம். ஆனால் மறுப்பதற்கும் கூட்டத்துக்கு ஆள் வரவேண்டுமே!

இன்னொன்று. மண் வாய்க்காலில் தண்ணீர் கசிந்து வீணாகிறது, சிமென்ட் பூசுங்கள் என்று நெடுநாளாகச் சொல்லி வந்தார்கள். அல்கால்தே கிராமத்தில் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் அளந்து பார்த்தார்கள். கசிந்த நீர் நிலத்தடியில் சேர்ந்து, பிறகு மெல்ல ஆற்றுக்கே திரும்புகிறது. கரையோரத்து காட்டன்வுட் மரங்களுக்கும் கிணறுகளுக்கும் அதுதான் ஊற்று. சிக்கனம் என்ற பெயரில் எதையும் பூசி மூடுமுன் இதைப் படிப்பது நல்லது.

மலைக்கு அந்தப் பக்கம் மோரா பள்ளத்தாக்கில் நிலைமை வேறு. 2022-இல் வனத்துறை திட்டமிட்டு வைத்த தீயே கைமீறி 3,40,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது. பின்னால் வந்த மழைவெள்ளம் சாம்பலையும் கட்டைகளையும் வாய்க்கால்களில் கொண்டுவந்து அடைத்தது. மண்வாரியால் ஆகிற வேலை இல்லை அது.

மே 15 உழவர்களின் புனிதரான சான் இசித்ரோவின் திருநாள். அதற்குள் பனி உருகி வாய்க்கால் ஓடும். அவர் சிலையை ஊர்வலமாகக் கொண்டுவந்து தண்ணீரை ஆசீர்வதிப்பார்கள். எல்லோரும் அதைப் பார்க்கத்தான் போகிறார்கள். என்னைக் கேட்டால் தூர்வாரும் நாளில் போங்கள். சனிக்கிழமை காலையில் வாய்க்கால் ஓரம் பிக்கப் வண்டிகள் வரிசையாக நின்றால், இறங்கி மயோர்தோமோ யார் என்று விசாரியுங்கள். கையுறை மட்டும் கொண்டுபோனால் போதும், மண்வாரி அவர்களே தருவார்கள்.

அடுத்த இதழில் தாவோஸ்.