விரலை எண்ணிப் பார்த்தவள்

சிவாஜி நகரில் ரஸ்ஸல் மார்க்கெட்டைத் தாண்டி நடக்கும்போது, ஈரத் தவிடும் கோழி எச்சமும் கலந்த நெடி மூக்கில் ஏற, கால்கள் நின்றுவிட்டன. ஒரு கடையில் அட்டைப் பெட்டிக்குள் பத்திருபது குஞ்சுகள், விரல்வரை பஞ்சு ஒட்டிய கால்களோடு நெருக்கியடித்துக் கிடந்தன, "எல்லாம் பிரம்மாதான் சார்" என்றான் பையன், செல்போனிலிருந்து கண்ணெடுக்காமல். ஒன்றைக் கையில் எடுத்தேன், அதன் சூடு உள்ளங்கையில் பரவியது, அல்சூர் வீட்டுப் பின்வாசல் கண்முன் வந்து நின்றது.

குஞ்சு பொரித்த மறுநாள் ஆயா கூடையோடு பின்வாசல் வெயிலுக்கு வருவாள், 21 நாள் அடைகிடந்த வைக்கோல் வாடையோடு அவள் விரலின் மூக்குப்பொடி வாசமும் சேர்ந்துகொள்ளும். முட்டைகள் காக்ஸ் டவுன் ஆங்கிலோ இந்தியத் தாத்தா கொடுத்தவை, வீட்டுக்குள்ளும் தொப்பி கழற்றாத அவர் பிரம்மா, கொச்சின், சில்கி என மூன்று இனக் கோழிகளையும் ஒரே தோட்டத்தில் மேயவிட்டு, காலை ரொட்டியில் பாதியை அவற்றுக்கே பிய்த்துப் போடுவார். "கால் முடியப் பாத்து ஏமாறாதடா, வெரல எண்ணு" என்பாள் ஆயா. ஐந்து விரலும் நீலம்பாய்ந்த கருந்தோலும் இருந்தால் சில்கி, நான்கென்றால் கொண்டை முளைக்கும் இடத்தை நகநுனியால் வருடுவாள், ஒட்டினாற்போல் மூன்று வரி தட்டினால் பிரம்மா, நடுவில் ஒற்றை வரியென்றால் கொச்சின். இந்தப் பெயர்களெல்லாம் தாத்தா சொன்னவை, ஆயாவுக்கு அவை கருந்தோலு, மூணு வரி, ஒத்த வரி, அவ்வளவுதான்.

பின்னாளில் மாமாவோடு ஹெசரகட்டா அரசுக் கோழிப் பண்ணைக்குப் போனபோது, பாதத்து இறகு ஓங்கு பண்பு, ரோமக்கால் சேவலை நாட்டுக்கோழியோடு சேர்த்தாலும் குஞ்சின் காலில் ரோமம் வந்துவிடும் என்று ஒருவர் விளக்கினார், ஆயாவின் எச்சரிக்கைக்குக் காரணம் அன்றுதான் புரிந்தது. பெயரும் அப்படித்தான் ஏமாற்றுகிறது: கொச்சின் நம் கொச்சிப் பறவையல்ல, 1840களில் சீனத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியது, பிரம்மா, பிரம்மபுத்திராவின் பெயரைத் தாங்கி அமெரிக்காவில் உருவாகி, 1852இல் விக்டோரியா மகாராணிக்குப் பரிசாகப் போனது.

அல்சூர்ப் பின்வாசல் இன்று யாருடைய கார்களோ நிற்கும் இடம். கடைக்குள் எரிந்த வெள்ளை விளக்கில் எல்லாக் குஞ்சும் ஒரே நிறமாகத் தெரிந்தது, தெருவெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாதத்தைப் பிரித்து எண்ணினேன், ஐந்து விரல், தோலோ வெளிறிய இளஞ்சிவப்பு. பிரம்மாவும் இல்லை, தூய சில்கியும் இல்லை, எங்கோ ஒரு நாட்டுக்கோழியோடு கலந்து பிறந்த குஞ்சு. பிரம்மா விலை கொடுத்தே வாங்கினேன், அந்தச் சூட்டைத் திரும்பப் பெட்டிக்குள் விட மனம் வரவில்லை.

நீங்கள் வாங்கப் போனால், குஞ்சை வெயிலுக்குக் கொண்டுவந்து முதலில் விரலை எண்ணுங்கள், பிறகு கொண்டையைத் தடவுங்கள், கால் ரோமத்தைக் கடைசியில் பாருங்கள்.