எத்தனையாவது பதிப்பு?

நாவலாசிரியனுக்குப் பதிப்பு எண் ஒரு பெரிய விஷயமில்லை. இரண்டாம் பதிப்பு என்றால் அட்டைப் படம் மாறியிருக்கும்; விலை ஏறியிருக்கும்; அச்சுப் பிழைகள் மட்டும் விசுவாசமாக அப்படியே இருக்கும். கம்ப்யூட்டர் பாஷைகளின் சங்கதி வேறு. பைதான் என்ற பாஷையில், 'அம்மா'வை எண்ணச் சொன்னால் இரண்டாம் பதிப்பு 15 என்கிறது. மூன்றாம் பதிப்பு 5 என்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவதோ மூன்றே எழுத்து! முன்னது எண்ணுவது பைட்டுகளை. பின்னது யூனிகோட் குறிகளை.

பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்த என் நாவல்களை யூனிகோடுக்கு மாற்ற ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதி மெஷினிடம் நீட்டும் சீட்டுத்தான் அது. இரண்டாம் பைதானுக்கு 2020-லேயே ஆதரவு நின்றுவிட்டது. ஆனாலும் பழைய மெஷின்களில் குடியிருக்கிறது. அதனிடம் அகப்பட்டால் எழுத்தை நடுவில் அறுத்துவிடக் கூடும். பல வருஷத்து உழைப்பை ஒப்படைக்குமுன், "நீ எத்தனையாவது?" என்று விசாரிக்க வேண்டாமா?

விசாரிப்பது சுலபம். பைதான் என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிறு கோடும் பெரிய 'வி'யும் போட்டால் திரையில் பதில் வந்துவிடும். அந்தப் பதிலை ஸ்கிரிப்டுக்குள் பிடித்துவைக்கப் பார்த்தால் மட்டும் பழைய பைதானிடம் வெறுங்கைதான். ஒவ்வொரு புரோகிராமுக்கும் வெளியே பேச இரண்டு வாசல் உண்டு: 1 பதிலுக்கு, 2 புகாருக்கு. அந்த மகானுபாவர் தம் பதிப்பு எண்ணைப் புகார் வாசல் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்! 2014-ல் வந்த 3.4-தான் முன்வாசலுக்கு வந்தது. ஜாவாவும் ஒற்றைக் கோடு போட்டுக் கேட்டால் புகார் வாசல்தான். 2017-ல் வந்த 9 முதல், இரட்டைக் கோடு போட்டு மரியாதையாகக் கேட்டால் முன்வாசல். எதற்கும் 2>&1 என்று நாலு குறி சேர்த்துவிட்டால் இரண்டு வாசலும் ஒன்றாகிவிடும்.

எண் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான ஆபத்து. 3.9 பெரியதா, 3.10 பெரியதா? பள்ளிக்கூடத்துப் பிள்ளை 3.9 என்பான். 2020-ல் வந்தது 3.9, 2021-ல் வந்தது 3.10. நடுவில் இருப்பது தசமப் புள்ளியே அல்ல. மூன்றாம் பாகம், ஒன்பதாம் அத்தியாயம். மூன்றாம் பாகம், பத்தாம் அத்தியாயம். தொடர்கதை வாசகர்களுக்கு இது விளங்கும். ஷெல்லுக்கு விளங்க வேண்டுமானால் புள்ளியில் வெட்டித் துண்டு துண்டாக ஒப்பிட வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி, பைதானிடமே நியாயம் கேட்பது. தன் எண்களை அது தனித்தனியாகவே வைத்திருக்கிறது. "நீ 3.8-க்குக் குறையாதவனா?" என்பதே என் ஸ்கிரிப்டின் முதல் கேள்வி. இல்லை என்றால், ஒரு கோப்பையும் தொடாமல் அங்கேயே நின்றுவிடும்.