பீச் வேரில் பிளம்ஸ் பழம்



'லினக்ஸ் ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி மார்க்கும் வாங்கிவிடுகிறோம். ஆனால் அந்த ஒரு பெயருக்குள் இரண்டு வீட்டுச் சரக்கு சேர்ந்து கிடக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்?

லினக்ஸ் என்பது உண்மையில் கெர்னல் மட்டும்தான். மெமரியைப் பங்கிடுவது, எந்தப் புரோகிராமுக்கு எப்போது பிராசஸர் என்று முறை வைப்பது, டிஸ்க்கையும் கீபோர்டையும் கட்டி மேய்ப்பது, இவையெல்லாம் அதன் வேலை. நாம் டைப் அடிக்கிற எல்.எஸ்., சி.பி. கட்டளைகள், ஷெல், சி லைப்ரரி எல்லாம் கெர்னலுக்கு வெளியே இருப்பவை. அவற்றுக்கு யூசர்லேண்ட் என்று பெயர்.

1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். அவரும் கூட்டாளிகளும் கருவிகளை ஒவ்வொன்றாகச் செய்து முடித்தார்கள். ஹர்ட் என்ற அவர்களுடைய கெர்னல் மட்டும் தயாராகவில்லை. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தமது 21-ஆம் வயதில், ஒரு கெர்னலை வெளியிட்டார். இவர்களிடம் கெர்னல் இல்லை. அவரிடம் முழுமையான கருவிகள் இல்லை. இரண்டும் சேர்ந்தன. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸும் டெபியன் வழியாக வந்த இதே சேர்க்கைதான்.

கொடைக்கானலை அடுத்த வில்பட்டிப் பக்கம் என் அப்பா தோட்ட வேலை செய்கிறார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். லீவுக்குப் போனபோது இதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது ஒட்டுக் கட்டுறதுதானடா" என்றார். பீச் கன்றின் மேல் பிளம்ஸ் குச்சியை வைத்துக் கட்டுவார்கள். வேர் பீச்சுடையது, பழம் பிளம்ஸ். "ஆனா கண்டதைக் கண்டதுல ஒட்ட முடியாது. பட்டைக்கு உள்ள பச்சையும் பச்சையும் சேரணும். சேரலைன்னா குச்சி காஞ்சுபோகும்" என்றார். எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

கம்ப்யூட்டரில் அந்தப் பச்சை எது? சிஸ்டம் கால்தான். புரோகிராம் கெர்னலிடம் எதைக் கேட்பதானாலும் ஒரு எண் சொல்லித்தான் கேட்கிறது. 64-பிட் லினக்ஸில் 1 என்றால் 'எழுது'. ஃப்ரீபிஎஸ்டியில் அதே 1 என்றால் 'புரோகிராமை முடி'. அங்கே எழுதுவதற்கு எண் 4. இங்கே 'எழுது' என்று கேட்பது அங்கே 'கடையை மூடு' என்று ஆகிவிடும்! இந்த வேற்றுமையைப் புரோகிராமுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது நடுவில் நிற்கும் சி லைப்ரரி.

டெபியன் குழுவினர் க்னூவின் சி லைப்ரரியை ஃப்ரீபிஎஸ்டி கெர்னலுக்கு ஏற்றபடி மாற்றி, தங்கள் கருவிகளை அதன் மேல் ஓடவிட்டார்கள். 2011 பிப்ரவரியில் டெபியன் 6-உடன் அது முன்னோட்டமாக வெளிவந்தது. பராமரிக்க ஆள் போதாததால் 2015-இல் டெபியன் 8 வந்தபோது அதற்கு இடமில்லை. 2023-இல் அடியோடு நின்றுபோனது. ஒட்டுக் கட்டினால் மட்டும் போதாது, தண்ணீர் ஊற்றவும் ஆள் வேண்டும். இதற்கு நேர் எதிராக, லினக்ஸ் கெர்னலின் மேல் ஃப்ரீபிஎஸ்டியின் கருவிகளை வைக்கும் கைமெரா லினக்ஸ் 2021-இல் தொடங்கியது. ஏன், நம் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனும் லினக்ஸ் கெர்னல்தான். ஆனால் அதிலுள்ள பயோனிக் என்ற சி லைப்ரரியின் பல பகுதிகள் பிஎஸ்டியிலிருந்து வந்தவை.

'இதெல்லாம் தெரிஞ்சு என்னப்பா பிரயோஜனம்?' என்று நீங்கள் கேட்கலாம். என் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் பிளஸ் டூ வரை வந்தவர் பெரியம்மா மகள் அக்கா ஒருவர்தான். 2014-இல் அரசு கொடுத்த இலவச லேப்டாப் அவருக்குக் கிடைத்தது. மேல்படிப்புதான் கிடைக்கவில்லை, கல்யாணம் ஆகிவிட்டது. லேப்டாப் டிரங்குப் பெட்டிக்குள் போனது. போன வருஷம் எனக்கு லேப்டாப் இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தபோது, அப்பா தோட்ட முதலாளியிடம் முன்பணம் கேட்கக் கிளம்பினார். முன்பணம் வாங்கினால் அது தீரும்வரை வேறு தோட்டத்துக்குப் போக முடியாது, கூலியும் பேச முடியாது. அக்காதான் தடுத்தார். "சித்தப்பா, அவசரப்படாதீங்க. என் பெட்டி சும்மாதானே கிடக்கு. நான் படிக்கலைன்னா அதுவும் படிக்கக் கூடாதா?"

2 ஜி.பி. ராம். பழைய சிஸ்டம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். அதை எடுத்துவிட்டு ஆல்பைன் லினக்ஸ் போட்டேன். லினக்ஸ் கெர்னல், மஸல் என்ற சிறிய சி லைப்ரரி, எல்லாக் கட்டளைகளையும் ஒரே ஃபைலில் அடக்கிய பிசிபாக்ஸ். பெட்டி பறந்தது!

ஆனால் பிராக்டிகலுக்கு வேண்டிய ஒரு சாஃப்ட்வேர் மட்டும் ஓடவில்லை. ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது. ஷெல்லோ 'காணவில்லை' என்கிறது. இரண்டு இரவு மண்டை காய்ந்தது. அப்போதுதான் அப்பா சொன்ன பச்சை ஞாபகம் வந்தது. அந்த சாஃப்ட்வேர் க்னூ சி லைப்ரரிக்காகக் கட்டப்பட்டது. ஓடத் தொடங்கும்போது அது தேடுகிற லோடர் ஃபைல் ஆல்பைனில் இல்லை. காணாமல் போனது அந்த லோடர்தான்!

அதற்கு வழியும் யூனிக்ஸில் 1979-லேயே வந்த ஒரு வசதியில் இருந்தது: ச்ரூட். டெபியனின் யூசர்லேண்டை ஒரு ஃபோல்டருக்குள் முழுசாக இறக்கி, அந்த ஃபோல்டரையே ரூட் என்று காட்டினேன். ரூட் என்றால் வேர்தானே! கீழே ஒரே கெர்னல், மேலே ஆல்பைன் ஒரு கிளை, டெபியன் ஒரு கிளை. சாஃப்ட்வேர் ஓடியது. அப்பா முன்பணம் வாங்கவில்லை. இந்த வருஷம் கூலி கூடுதலாகத் தரும் வேறொரு தோட்டத்துக்குப் போகிறார்.

நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு அக்காவின் லேப்டாப், ஒரு அண்ணனின் லேப்டாப் கிடக்கலாம். பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஹாஸ்டலுக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். மூன்றாம் வருஷக்காரர்கள் நாங்கள் ஏப்ரல் வரைதான் இங்கே இருப்போம். அதற்குள் வாருங்கள்.

- மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்