ஓயாத ஓசை

நியூ ஜெர்சியில் இருக்கும் மகன் வீட்டில் மூன்று திங்கள் தங்கியிருந்தபோது, சமையலறை ஓவன் ஒன்று எங்கள் உறக்கத்தைப் பறித்தது. எவரும் தீண்டாமலே நள்ளிரவில் கீச்சிடும். மணி காட்டும் சிறு கண்ணாடியில் ‘எஃப் 1’ என்று ஒளிரும். நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் அடங்கும்; கண்ணயரும் வேளையில் மீண்டும் தொடங்கும்.

ரொட்டி சுடுபவள் மருமகள். “எதையோ சரியாக அணைக்காமல் விடுகிறாய், மகளே” என்று கூறிவிட்டேன். “இல்லையே, மாமா” என்றாள். அதற்குமேல் ஒரு சொல்லும் பேசவில்லை.

அலிஃப், வாவ், யா ஆகிய மூன்றையும் அரபு இலக்கணத்தில் ‘இல்லத்’தின் எழுத்துகள் என்பர். இல்லத் என்றால் நோய்; காரணம் என்பதும் அதே சொல்தான். இதை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஓதிக்கொடுக்கும் நான், காரணத்தை ஆராயாமலே நோயை ஒருத்தியின் தலையில் சுமத்தியிருந்தேன்.

மகன் முறையாகத் தேடினான். வெப்பத்தை அளந்தறியும் உணர்கோலை மாற்றிவிடுமாறு நண்பர் ஒருவர் கூறியிருந்தார். மாற்றுமுன் மீட்டர் வைத்துப் பார்த்தான்; ஏறத்தாழ 1,100 ஓம் காட்டியது. அறை வெப்பத்தில் அந்த வகை உணர்கோலுக்கு அதுவே சரியான அளவாம். வீண் செலவு தப்பியது.

ஓவனுக்குள்ளேயே மடித்துச் செருகியிருந்த பழுதுபார்ப்போர் தாளில், ‘எஃப் 1’ என்றால் விசைப்பலகையோ கட்டுப்பாட்டுப் பலகையோ பழுது என்றிருந்தது. இரண்டில் எது? 240 வோல்ட் மின்சாரத்தை வீட்டின் பிரேக்கரிலேயே துண்டித்தான். முகப்பைக் கழற்றி, இரண்டையும் இணைக்கும் நாடா போன்ற கம்பியை உருவினான். முகப்பை மூடியபின் மின்சாரம் கொடுத்தான். அன்றிரவு ஓசையே இல்லை. விசைப்பலகையைப் பிரித்த பிறகும் கீச்சிட்டிருந்தால் குற்றம் கட்டுப்பாட்டுப் பலகையுடையது. ஆகவே குற்றவாளி விசைப்பலகையே.

அதனுள் மெல்லிய இரு தாள்கள் உள்ளன. விரல் அழுத்தும்போது மட்டுமே அவற்றின் மின்தடங்கள் ஒன்றையொன்று தொடவேண்டும். ஈரம் புகுந்தால் விரலின்றியே தொடர்பு உண்டாகிவிடும். அழுத்தியது மனிதனா நீரா என்று இயந்திரம் அறியாது. விசை விடுபடாமல் கிடக்கிறது, அடுப்பு தானே மூண்டுவிடலாம் என அஞ்சி அபாய ஒலி எழுப்புகிறது. அதனை இத்தனை நாள் ‘வாயை மூடு’ என்று அழுத்திக்கொண்டிருந்தோம்!

ஈரம் எங்கிருந்து வந்தது? சுபுஹுக்கு முன் எழுந்து தேநீருக்கு நீர் கொதிக்கவைப்பவன் அவ்வீட்டில் நான் ஒருவனே. கெட்டிலைப் பின்னடுப்பில் வைப்பேன். அதற்கு நேர் மேலேதான் விசைப்பலகை. நாள்தோறும் ஆவி எழுந்து அதன்மேல் படிந்திருக்கிறது. வேறு வழியாகவும் ஈரம் புகுந்திருக்கலாம் என்று மகன் எனக்காகச் சமாதானம் சொன்னான். எனக்கு ஐயமில்லை.

புதிய விசைப்பலகை பொருத்திய அன்று மருமகளிடம், “மகளே, அன்று நான் சொன்னது தவறு, ஆவி என்னுடையது” என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் வைகறையில் நான் எழுந்து வந்தபோது, கெட்டில் நீர் நிரப்பப்பட்டு முன்னடுப்பில் இருந்தது.