தூது நடந்த பெருமான்

மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்கு அளித்த வாக்கை மீறியதால், சுந்தரர் திருவொற்றியூர் எல்லையில் கண்ணொளி இழந்தார். பின்னர் திருவாரூரில் பரவையாரின் ஊடல் தீர்க்கச் சிவபெருமானே இருமுறை தூது நடந்தார்.

என் மகள் மணவிலக்குக் கேட்டபோது, 'ஊர் என்ன சொல்லும்?' என்று தடுத்தேன். வங்கிக் கடன் வழக்குகளை மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்த்த நான், மகளின் பேச்சைக் கேட்கவில்லை.

1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம் முதலில் சமரசத்துக்கு முயலச் சொல்கிறது. இயலாவிடில், ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் இந்து திருமணச் சட்டம் 13-பி பிரிவின்படி இசைந்து விலகலாம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவியும் உண்டு.

சமரச மையத்தில் நடுவர் இருபுறமும் பொறுமையாகத் தூது நடந்தார். சேர்த்துவைக்க இயலவில்லை, ஆயினும் வசையின்றிப் பிரிந்தனர். பேரன் இரு வீட்டுக்கும் போய்வருகிறான். வடிவுடையம்மன் சன்னதியில் மகள் இன்று அழாமல் நிற்கிறாள்.